இரண்டு கோடை தாண்டிய மீன்

பரமத்திவேலூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பண்ணைக்குட்டைக்கு வலை போட்டார்கள். நான் கரையில் நின்றிருந்தேன். 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 22 சென்ட் குட்டை. வலையின் இரு முனையும் கரையேறும்போது தண்ணீர் கொதிப்பதுபோல மீன் துள்ளியது. தோப்புக்காரர் முகம் மலர்ந்தது. குனிந்து ஒரு கட்லாவைத் தூக்கியதும் அந்த மலர்ச்சி அடங்கிவிட்டது. மீனின் தலை உள்ளங்கையை நிரப்பியது. தலைக்குப் பின்னால் உடம்பு சட்டென்று ஒடுங்கி, முதுகு கத்தி விளிம்புபோல் மெலிந்திருந்தது. தராசில் வைத்தால் 400 கிராம்.

"பதினாறு மாசம் ஆச்சுங்க. தவிடும் புண்ணாக்கும் மூட்டை மூட்டையாக் கொட்டியிருக்கேன். குஞ்சு குடுத்தவங்க ஏமாத்திட்டாங்களாட்ட இருக்குது" என்றார்.

எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்று கேட்டேன். "ஆயிரமுங்க."

குஞ்சு கொடுத்தவர்மேல் தவறில்லை என்பதை அந்தத் தலையே சொன்னது. நல்ல எலும்போடு பிறந்த மீன் அது. தலை வளர்ந்துவிட்டது, சதை பிடிக்கத்தான் தீனி இல்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் சொந்தக் குட்டை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்த மெலிந்த கட்லாவைத்தான் கையில் ஏந்தி நிற்கிறார்கள். மூன்று கிலோ கட்லாவோ ஒன்றரைக் கிலோ விராலோ நம் குட்டையில் வளருமா என்று கேட்டால், வளரும். ஆனால் அது தீவனக் கடையில் வாங்கும் காரியமில்லை. வாய்களைக் குறைக்கவும், தண்ணீரைக் கோடை தாண்ட வைக்கவும் தெரிந்தவருக்கே அது கைகூடும். இந்த இரண்டையும் சுற்றியே மற்ற எல்லா நுட்பமும் நிற்கிறது.

முதலில் எடைக் கணக்கு. எந்தக் குட்டைக்கும் ஒரு தாங்கு எடை உண்டு. காற்றூட்டும் ஏரேட்டர் இல்லாமல், சாணமும் ஓரளவு தவிடு புண்ணாக்கும் கொடுத்து நடத்தும் கெண்டைக் குட்டையில் எக்டேருக்கு மூன்று நான்கு டன் எடுப்பது நல்ல விளைச்சல். 22 சென்ட்டுக்கு அதைச் சுருக்கினால் சுமார் 300 கிலோ வரும். அந்த 300 கிலோவை எத்தனை மீனுக்குப் பங்கு போடுகிறீர்கள் என்பதுதான் விஷயம். ஆயிரம் குஞ்சில் எழுநூறு பிழைத்தால் தலைக்கு 400 கிராம் சொச்சம், நான் பார்த்தது அதுவேதான். முந்நூறு இருந்தால் ஒரு கிலோ. நூறே இருந்தால் மூன்று கிலோ. குட்டை தந்த மொத்த எடை மூன்றிலும் ஒன்றுதான். வழக்கமாகச் சொல்லப்படும் ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 குஞ்சு என்ற அளவு, ஒரு வருடத்தில் முக்கால் கிலோ, ஒரு கிலோ மீனை மொத்தமாக எடுத்து விற்பவருக்கான அளவு. அதில் தவறில்லை. பெரிய மீன் வேண்டும் என்பவர் அதே அளவைப் பின்பற்றிவிட்டு வருத்தப்படுவதுதான் தவறு.

இந்தக் கணக்கைக் குட்டை குட்டையாக வெட்டிச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓபர்ன் நகரக் கல்லூரியில் பணியாற்றிய ஹோமர் ஸ்விங்கிள். 1930-களில் தொடங்கிய வேலை. அங்கே விவசாயிகள் குட்டையில் விடுவது பாஸ் என்னும் வேட்டை மீனையும், அதற்கு இரையாகப் புளூகில் என்னும் சிறு மீனையும். இரண்டுக்கும் இடையே எடைச் சமநிலை கெட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்விங்கிள் 1950-ல் விரிவாக எழுதினார். பாஸ் குறைந்தால் புளூகில் பெருகி, விரல் நீளத்துக்குமேல் ஒன்றும் வளராது. பாஸ் கூடினால் பாஸே ஒரு சாண் ஒன்றேகால் சாணோடு நின்றுபோகும். அதனால் அங்கே பெரிய பாஸ் வேண்டுவோர் சிறிய பாஸைத்தான் வருடந்தோறும் பிடித்து வெளியேற்றுகிறார்கள். ஒரு பவுண்டு பாஸ் சதை ஏற ஏறக்குறைய பத்து பவுண்டு இரை வேண்டும் என்பது அவர்கள் கைக்கணக்கு. 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 10 கிலோவைத் தொட்டது. அதற்கு இணையான ஒன்று 2009-ல்தான் ஜப்பானின் பீவா ஏரியில் கிடைத்தது. நமக்கு அந்த மீன் வேண்டாம், வேற்று நாட்டு வேட்டை மீனைக் கொண்டுவந்து பட்டதெல்லாம் போதும். அந்தக் கணக்கு மட்டும் அப்படியே நமக்குப் பொருந்துகிறது.

எப்படியென்றால், நம் ஊரில் பாஸின் இடத்தில் விரால் இருக்கிறது. புளூகில் இடத்தில் ஜிலேபிக் கெண்டை இருக்கிறது. ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத ஏரி இந்தப் பக்கம் இல்லை. இரண்டு மூன்று மாதத்தில் சினைக்கு வந்துவிடும், முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும், அதனால் பிழைப்பு அதிகம். குட்டையில் நாலு ஜோடி நுழைந்துவிட்டால் அடுத்த வருடம் வலையில் கைப்பிடி அளவு ஜிலேபியாகவே கொட்டும். கெண்டைக்குப் போட்ட தவிட்டில் பாதியை அதுதான் தின்றிருக்கும். இதைப் பூச்சியைப்போல் மருந்தடித்து ஒழிக்க நினைப்பதைவிட, இரையாக்கி விராலுக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. குட்டைக்குள்ளேயே பெருகும் தீவனம், காசு செலவில்லாதது.

ஆனால் விராலை விடுவதில் நேரம் பார்க்க வேண்டும். வேட்டை மீன் தன் நீளத்தில் நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று அளவு இரையைத்தான் வசதியாக விழுங்கும். கட்லா, ரோகு குஞ்சுகள் விரல் நீளத்தில் இருக்கும்போது விராலை விட்டால் அவற்றைத்தான் முதலில் முடிக்கும். கெண்டை கால் கிலோவைத் தொட்ட பிறகு, சாண் நீள விரால் இருபது முப்பதை 22 சென்ட்டுக்குள் விட்டால் கெண்டைமேல் அதற்கு வாய் போகாது, ஜிலேபிக் குஞ்சைத் துரத்திக்கொண்டிருக்கும். விராலையும் ஒரே அளவாகப் பொறுக்கி விட வேண்டும். அளவு முன்னப்பின்ன இருந்தால் பெரியது சிறியதை விழுங்கிவிடும். கூட்டமாக வைத்து வளர்ப்பவர்கள் மாதம் இருமுறை தரம் பிரிப்பது இதனால்தான்.

விராலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், எனக்குப் பிரியமான மீன். தலைக்குள் காற்றறை இருப்பதால் மேலே வந்து ஒரு மிடறு காற்றை வாங்கிக்கொண்டு இறங்கும். சேறும் சகதியுமான கோடைத் தண்ணீரிலும் உயிரோடிருக்கும். மழை இரவில் கரையேறி ஈரத் தரையில் நெளிந்து அடுத்த வயல் வாய்க்காலுக்குப் போய்விடும், எனவே குட்டையைச் சுற்றி இடுப்பளவு வலைவேலி இல்லாமல் விரால் வளர்ப்பு இல்லை. மழைக்காலத்தில் ஓரத்துப் புல்லை ஒதுக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். குஞ்சு பொரித்ததும் சிவந்த புள்ளிகளாக ஒரு தட்டு அகலத்துக்கு நீர்மேல் மிதக்கும் கூட்டத்தின் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் தூண்டிலை வீசுகிறவர்கள் உண்டு. காவல் மீன் கோபத்தில் கடித்துவிடும் என்று தெரிந்தே வீசுகிறார்கள். ஒரு மீனுக்காக ஒரு கூட்டமே குறவைக்கும் தவளைக்கும் இரையாகிறது. தெலங்கானா இந்த மீனை மாநில மீனாக வைத்திருக்கிறது. நம் பக்கம் ஓரப் புல்லைக்கூட மிச்சம் வைக்காமல் பொக்லைன் வைத்துச் சுரண்டுகிறோம். விரால் வேண்டுமென்றால் குட்டையின் ஒரு பக்கமாவது சரிவாக, புல்லோடு இருக்கட்டும்.

கெண்டை வளர்ப்பின் கதை வேறு. கட்லா மேல் தண்ணீரில் மிதவை உயிர்களைத் தின்னும், ரோகு நடுவில் மேயும், மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் மீன்கள், காவிரிக்குச் சொந்தமல்ல. 1934-ல் மேட்டூர் அணை எழுந்து, நீர்த்தேக்கத்தில் குஞ்சு விட்டு வளர்த்த பிறகு கட்லா இந்தப் பக்கத்து மக்களுக்கு வீட்டு மீனாகிவிட்டது. மேட்டூரில் பத்துக் கிலோ தாண்டிய கட்லா ஏறுவதற்குக் காரணம் தீவனமில்லை. பரந்த தண்ணீர், குறைந்த வாய், பல கோடை. அந்த மூன்றையும் 22 சென்ட்டில் எப்படிச் சின்னதாக்குவது என்பதுதான் நம் வேலை.

இந்த மூன்று மீனுக்கும் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஓடும் ஆற்று வெள்ளம் இல்லாமல் அவை இனம் பெருக்காது. தேங்கிய குட்டையில் ஆயிரம் வருடம் விட்டாலும் ஒரு குஞ்சு வராது. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறு ஊசி போட்டு இவற்றைச் சினைவிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன் குஞ்சு வேண்டுமென்றால் வங்காள ஆறுகளில் வெள்ளக் காலத்தில் அள்ளியதை நம்பியிருக்க வேண்டும். பெரிய மீன் வளர்ப்பவருக்கு இதில் கிடைக்கும் பயன், குட்டையில் எத்தனை வாய் இருக்கும் என்பதை அவரே முடிவு செய்யலாம் என்பது. நூறு விட்டால் நூறுக்குமேல் ஆகாது. சாதாக் கெண்டையிடம் இது நடக்காது. பாசி இருந்தால் அதிலேயே முட்டை ஒட்டிவிட்டு, நம்மைக் கேட்காமல் பெருகும்.

குஞ்சின் வயதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆந்திராவின் கொல்லேறு வட்டாரத்தார் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். விரல் நீளக் குஞ்சை நேரே வளர்ப்புக் குளத்தில் விடுவதில்லை. ஒரு சிறு குளத்தில் நெருக்கமாக, அரை வயிற்றுத் தீனியோடு ஒரு வருடம் வைத்திருக்கிறார்கள். அது நூறு கிராமுக்கு மேல் இருக்கும், ஆனால் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதது. அகலமான தண்ணீருக்கு மாற்றித் தீனியைக் கண்டதும் இழந்ததையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும். ஓட்டை போட்ட சாக்கில் தவிட்டையும் புண்ணாக்கையும் கட்டிக் கழியில் தொங்கவிடுவதும் அவர்கள் பழக்கம். மீன் வந்து உறிஞ்சித் தின்கிறது, தரையில் கொட்டி வீணாவதில்லை. நம் பக்கத்தில் யாராவது பெரிய குஞ்சு வாங்கச் சொன்னால், விலையைக் கேட்டுவிட்டுச் சின்னதையே எடுத்து வருகிறோம். சின்னக் குஞ்சில் பாதியை நீர்க்காகமும் தண்ணீர்ப் பாம்பும் கொண்டுபோய்விட்ட பிறகு தலைக்கு விலை ஒன்றாகத்தான் ஆகிறது. ரோகுவில் புவனேஸ்வரத்து மத்திய நன்னீர் மீன் நிறுவனம் 1997-ல் வெளியிட்ட ஜெயந்தி ரோகு என்னும் தேர்ந்த ரகம் கிடைத்தால் அதையே வாங்கலாம், வளர்ச்சியில் வித்தியாசம் தெரியும்.

இனி கோடை. இதுதான் நம் சமவெளியில் உண்மையான தடை, மற்றதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. கட்லா முதல் வருடத்தில் ஒரு கிலோ வந்தால், இரண்டாம் வருடத்தில் அதற்குமேல் வேகமாக ஏறும். மூன்று கிலோவுக்கு இரண்டு கோடை தாண்ட வேண்டும். நம் குட்டைகளில் பெரும்பாலானவை ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, சித்திரையில் சேறாகிவிடுகின்றன. பங்குனி, சித்திரை வெயிலில் ஆவியாகவே ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டர் போகிறது. மூன்று மாதத்தில் அரை மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். செம்மண்ணாக இருந்தால் கசிவு வேறு. இரண்டு மீட்டர் குட்டையில் இது போய், தென்னைக்கும் மோட்டார் போட்டு இறைத்தால் மீனுக்கு என்ன மிஞ்சும்?

குட்டை வெட்டும்போதே ஒரு மூலையில் கூடுதலாக ஒரு மீட்டர் ஆழம் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீர் இறங்க இறங்க மீன் அங்கே ஒதுங்கும். அடியில் ஏரி வண்டலோ களிமண்ணோ அரை அடி பரப்பி மாட்டை விட்டு மிதிக்கச் செய்தால் கசிவு குறையும். ஏரி வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது, பலர் வயலுக்கு மட்டும் அடிக்கிறார்கள். கசிவுக்குப் பயந்து பிளாஸ்டிக் தாள் விரிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தாள்மேல் சேறு இல்லை. சேறில்லாமல் புழு இல்லை, மிர்காலுக்கு வேலையில்லை, மீனின் கழிவை மக்க வைக்கும் மண்ணும் இல்லை. தாள் குட்டையில் பெரிய மீன் வளர்க்க முடியும், ஆனால் அடியில் ஒரு அடி மண் நிரப்பிய பிறகு.

இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர், பாத்திரத்தில் உப்புப் படியும். ஏக்கருக்கு 80, 100 கிலோ சுண்ணாம்பு என்று எல்லா இடத்துக்கும் ஒரே அளவு சொல்வதை நான் ஏற்கவில்லை. தண்ணீர் ஏற்கனவே காரமாக இருக்கும் இடத்தில் சுண்ணாம்பைக் கூட்டினால், மத்தியானம் பாசி வேலை செய்யும்போது பிஎச் ஒன்பதைத் தொடும். பிஎச் ஏழில் மீன் கழிவின் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நஞ்சு வடிவில் இருக்கும். அதே முப்பது டிகிரி வெப்பத்தில் பிஎச் ஒன்பதுக்குப் போனால் ஏறக்குறைய பாதி நஞ்சாகிவிடும். மீன் சாகாது, தின்னாது. தின்னாத மீன் வளராது. நூறு ரூபாய் பிஎச் தாள் ஒரு பெட்டி வாங்கிக் காலையிலும் மூன்று மணிக்கும் பார்த்த பிறகு சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கட்டும்.

நாமக்கல்லில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. அதுவே ஆபத்து. பச்சை எருவை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியதும் தண்ணீர் இரண்டு வாரத்தில் வெற்றிலைப் பச்சையாகும், பார்க்க நிறைவாக இருக்கும். வெயில் அடிக்கும் வரை பாசி ஆக்சிஜன் தரும். இரவில் அதுவே ஆக்சிஜனைக் குடிக்கும். மூட்டமான நாலு நாள் வந்து, ஒரு இரவு மழையும் பெய்தால், விடியற்காலை நாலு மணிக்கு மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். முதலில் சாவது பெரிய மீன்தான், அதற்கு மூச்சு அதிகம் தேவை. இரண்டு வருடம் காத்து வளர்த்தது ஒரு இரவில் போகும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தவற்றில் சின்னது ஒன்றுகூட இல்லை.

அதைத் தடுக்கச் செலவு அதிகமில்லை. கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். விரல் மங்கலாகத் தெரிந்தால் சரி. மணிக்கட்டுத் தாண்டியதுமே கை மறைந்தால் எருவையும் தீவனத்தையும் நிறுத்த வேண்டும். எருவை மக்க வைத்து, சாக்கில் கட்டி, கொஞ்சமாக ஊற விட வேண்டும். மூட்டம் போட்ட நாளில் தீவனம் கூடாது. ஏரேட்டர் இருந்தால் இரவு இரண்டு மணிமுதல் விடியும்வரை ஓட்ட வேண்டும். இல்லாதவர் குட்டைத் தண்ணீரையே மோட்டாரில் ஏற்றி உயரத்திலிருந்து சிதறி விழச் செய்யலாம். போர்வெல் தண்ணீரை நேரே குழாயோடு உள்ளே விடுவதால் பயனில்லை, ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது, காற்றில் உடைந்து விழ வேண்டும்.

ஜவ்வரிசி ஆலை ஓரத்தில் குட்டை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலை. மரவள்ளித் திப்பி உலர்ந்ததாகக் கிடைத்தால் தீவனத்தில் ஓரளவு கலக்கலாம், மாவுச்சத்து மட்டும்தான் அது, புரதம் இல்லை. ஆலைக் கழிவுநீர் வரப்பில் கசிந்து வந்துவிட்டால் அது புளித்து ஆக்சிஜனை முழுசாகத் தின்றுவிடும். திருமணிமுத்தாறு ஓடும் ஊர்களில் இதை விளக்க வேண்டியதில்லை.

புதுக் குட்டையிலோ வற்றாத பழைய குட்டையிலோ முன்பே இருக்கும் குறவை, கெளுத்தி, ஜிலேபியை அகற்ற இலுப்பைப் பிண்ணாக்கைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்த அதே பிண்ணாக்கு. அதிலுள்ள நுரைச் சத்து மீனின் செவுளைத் தாக்கும், ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு போய் எருவாகிவிடும். கனமீட்டருக்கு 250 கிராம் அளவு. 22 சென்ட்டில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் 225 கிலோ. பூச்சிக்கொல்லி ஊற்றிக் குட்டையைக் கழுவுகிறவர்கள் அந்த மண்ணையும் அடுத்த மீனையும் தின்னப்போகிறவர்களையும் நினைக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடுவது பற்றிப் பேச்சே வேண்டாம், அது தடை செய்யப்பட்ட மீன், வெள்ளத்தில் ஒன்று தப்பினாலும் காவிரிக்குப் போய்ச் சேரும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. 2020-ல் வந்த பிரதமர் மீன்வளத் திட்டத்தில் குளம் அமைக்கப் பொதுப் பிரிவினருக்கு நாற்பது, பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் அறுபது விழுக்காடு மானியம் அறிவித்தார்கள். ஆனால் திட்டங்கள் அளப்பது எக்டேருக்கு எத்தனை டன் என்று. நூறு மீன் வளர்ப்பவருக்கு அந்தப் படிவத்தில் இடம் குறைவு. பெரிய கட்லாவுக்கும் உயிர் விராலுக்கும் ஊருக்குள்ளேயே தனி விலை இருக்கிறது, தோப்பு வாசலில் வந்து எடுத்துக்கொள்வார்கள். ஆயிரம் மீனை ஒரே நாளில் வியாபாரியிடம் தள்ளும் அவசரமும் இல்லை.

கடைசியாக, எல்லோரும் தடுமாறும் இடம்: மீனை எடுப்பது. நூறு குஞ்சு விட மனம் வராதவர் முந்நூறு விடட்டும், ஆனால் எட்டாம் மாதம் வலை போட்டு, அரைக் கிலோவில் இருநூறை எடுத்து வீட்டுக்கும் பக்கத்துக்கும் கொடுத்துவிட வேண்டும். எடுப்பதிலும் தேர்வு உண்டு. தலை பெருத்து முதுகு மெலிந்தது போகட்டும். தோள் அகன்று, வால்வரை சதை நிறைந்தது தண்ணீருக்குத் திரும்பட்டும். நம்மவர் செய்வது நேர்மாறு. பெரியதைக் குழம்புக்கு எடுத்துவிட்டு, "இது இன்னும் வளரட்டும்" என்று மெலிந்ததைத் திருப்பி விடுகிறார்கள்.

அந்தத் தோப்புக்காரர் அன்று வலையை உடனே அவிழ்க்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு அன்னக்கூடை நாலைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முதுகை விரலால் அழுத்திப் பார்த்து, கூடைக்கும் தண்ணீருக்குமாகப் பிரித்தார். வெயில் ஏறும்முன் முடிக்க வேண்டுமென்று இரண்டு பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீருக்குத் திரும்பியவை தொண்ணூற்று நாலு. அப்போது மாசி மாதம். கரையில் ஒரு மூங்கில் கழியை நட்டு, நீர்மட்டத்துக்கு நேரே கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டு, "தென்னைக்கு இனிமே கெணத்துத் தண்ணிதானுங்க" என்றார்.